அம்பு நேராய்ப் போகாத மாரி

பத்திரிகைத் தாளில் அம்பு புகுந்து போகிற சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. ஈரத் துணியை ஒருமுறை உதறியது போல 'படக்' என்று ஒன்று. அதன் பிறகு பின்னால் இருந்த வைக்கோல் கட்டுக்குள் 'தொப்' என்று இன்னொன்று.

வயல் வரம்போரம் இரண்டு தடிகளை நட்டு, நடுவில் ஒரு முழுத் தாளை இழுத்துக் கட்டியிருந்தோம். காலைவெயில் அதன் வழியாக மஞ்சளாக வந்தது. என் அக்காவின் புருஷன் வில்லைக் கீழே சாய்த்துவிட்டு நடந்து போனார். தாளில் விழுந்த ஓட்டையில் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தார்.

"மச்சான், இஞ்ச வா. இது ஓட்டையா, கிழிசலா?"

போய்ப் பார்த்தேன். அம்பின் இரும்பு அலகு புகுந்த இடம் கீழே இருந்தது. அதில் இருந்து மேல்நோக்கி ஒரு சாண் நீளத்துக்கு இறகுகள் தாளைக் கிழித்திருந்தன.

"கிழிசல்தான் அத்தான்."

"அப்ப?"

"அம்பு வாலைத் தூக்கிக்கொண்டு போகுது."

வயல் காவலுக்கு அடித்த வாடிக்குள் அடுப்பு ஊதிக்கொண்டிருந்த அக்கா தலையை வெளியே நீட்டினாள். "வாலைத் தூக்கிற சாமான் ஒண்டும் கடிக்காது எண்டு பண்டிக்கிட்டச் சொல்லிப்போட்டு வாங்க. தேத்தண்ணி ஆறுது."

பன்றிக்கென்று செய்த அம்பு அது. அத்தான் சிரிக்கவில்லை. அந்தக் கிழிசலை விரலால் தடவிக்கொண்டே நின்றார்.

கம்பிச் சுருள்

கட்டாரில் இருந்து வெறுங்கையோடு திரும்பிய கதையைப் போன வாரம் எழுதினேன். வந்து போய் நின்ற இடம் அக்காவின் வயல்வாடி. சித்தாண்டிக்கு அப்பால், ஆறு அகன்று வாவியைத் தேடிப் போகிற பக்கத்தில் கிடக்கிற வயல்வெளி, எங்கள் வாயில் வட்டை. அக்காவின் சீதனக் காணி.

பெற்றோல் வரிசையெல்லாம் முடிந்த அடுத்த மாரி. அதற்கு முந்திய போகத்தில் பசளை கிடைக்காமல் நெல் புல்லைப் போல நின்றுவிட்டது. வீட்டில் மூன்று நேரச் சோறு இரண்டு நேரமானது. இந்த முறை பயிர் நன்றாக எழும்பியிருந்தது. நல்ல பயிர் நின்றால் கூடவே பயமும் வந்து நிற்கும். ஆற்றோரப் பன்புல் பற்றைக்குள் பன்றிகள் பகலெல்லாம் படுத்துக் கிடந்தன. கதிர் பால் கட்டத் தொடங்கினால் அவற்றுக்கு வாசம் போய்விடும். தின்பது கொஞ்சம். உழுது புரட்டிவிட்டுப் போவதுதான் அதிகம்.

சுடுவதற்குத் துவக்கு எங்கள் பக்கத்தில் யாரிடமும் இல்லை. துவக்குகள் இருந்த காலத்தில் வைத்திருந்தவர்களில் பாதிப்பேரும் இல்லை. வெடி கொளுத்திப் போட்டால் பன்றி ஒருநாள் ஓடும், மறுநாள் அதே வெடிக்குப் பக்கத்தில் நின்று மேயும்.

நான் போய்ச் சேர்ந்த அன்றே வாடியின் மூலையில் ஒரு கம்பிச் சுருளைக் கண்டேன். புதுக்கம்பி. அத்தான் வாங்கி வந்து வைத்திருந்தார். தெரு மின்கம்பியில் கொக்கி போட்டு இழுத்து, வரம்போரம் முழங்கால் உயரத்தில் கட்டிவிடுவது. பலபேர் செய்தார்கள். செய்தவர்கள் யாரும் அதைப் பற்றிக் கதைப்பதில்லை.

பக்கத்து வட்டையில் அப்படிக் கட்டிய கம்பியில், மாடு தேடி வந்த ஒரு மனிதர் செத்துப் போயிருந்தார். விடியற்காலையில் கதிர் பார்க்கப் போன பெண்கள்தான் முதலில் கண்டார்கள். அவர்களில் அக்காவும் ஒருத்தி. மாட்டுக் கயிறு அவருடைய கையில் சுற்றியபடியே இருந்தது என்று மட்டும் சொல்வாள். அதற்கு மேல் கேட்டால் எழும்பிப் போய்விடுவாள்.

நான் போய் இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, சோற்றுக் கோப்பைக்கு முன்னால் சண்டை வந்தது.

"பண்டி மட்டுமா வரம்பில போகுது?" என்றாள் அக்கா.

"இருட்டினாப் பிறகு வேற ஆர் வாற?"

"நான் வாறன். விடிய வெள்ளாப்பில நான் வெளிக்குப் போறல்லையா? என்னையும் சேத்துச் சுடவா கம்பி வாங்கின நீங்க?"

"அப்ப என்ன செய்யச் சொல்றாய்? பண்டிக்கு வாழையிலை போட்டுச் சோறு வைக்கவா?"

சண்டையை நிறுத்த வேண்டும் என்பதற்காகத்தான் நான் வாயைத் திறந்தேன். "வில்லால அடிச்சாப் போச்சு" என்றேன்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். அத்தானின் கை சோற்றிலேயே நின்றது.

அத்தான் வாகரைப் பக்கத்து மனிதர். காட்டோடும் கடலோடும் இருந்த வேடர் வழி. அவர்களுடைய குலதெய்வக் கொட்டிலில் சிலை கிடையாது, வில்லும் அம்பும்தான் தெய்வம். ஆனால் அவர் வில்லை வளைத்ததைக் கண்டவர் யாரும் இல்லை. கல்யாணம் முடித்து அக்காவின் ஊருக்கு வந்த நாள் முதல் மண்வெட்டிதான் பிடித்தவர்.

"கதிர் முத்திறதுக்கு முதல் வில்லு சரிவந்தாச் சரி" என்றார் கடைசியில். "சரிவராட்டி நான் கம்பியைக் கட்டுவன். அதுக்குப் பிறகு ஒருத்தரும் என்னோட கதைக்கப்படாது."

அக்கா கோப்பைகளை எடுத்துக்கொண்டு வாய்க்காலுக்குப் போனாள்.

தெய்வத்தின் அலகு

வில்லுக்குக் கமுகு கிடைத்தது. முற்றிய மரத்தைப் பிளந்து, நாரோட்டம் பார்த்துச் சீவி, அடுப்புப் புகையில் தொங்கவிட்டோம். நாணுக்கு மீன்பிடி நைலோன் நூலை முறுக்கினோம். அம்புத் தண்டுக்கு விண்ணாங்கு மரக் கொம்பு. வளைந்த இடங்களை நெருப்பில் காட்டி நிமிர்த்தினோம். பச்சை விண்ணாங்கு சூடேறும்போது புளித்த மோர் போல ஒரு மணம் வரும்.

சிக்கல் அலகில்தான் தொடங்கியது.

எங்களிடம் மூன்று வழி இருந்தது. முதலாவது, குடைக்கம்பியைத் தீட்டிச் செருகுவது. அகதி முகாமில் இருந்தபோது ஆற்றுக் கெளிறுக்கு அதைத்தான் வைத்தோம். மீனுக்கு அது போதும், பன்றிக்கு முள்ளுக் குத்தியது போலத்தான். இரண்டாவது, இரும்பு அறுக்கும் வாளின் தகட்டை உடைத்து, பெருவிரல் அகலத்தில் சின்ன அலகாகத் தீட்டுவது. மூன்றாவது வழியை அத்தான் கையோடு கொண்டு வந்தார்.

ஒருநாள் பஸ் ஏறி வாகரைக்குப் போனவர், திரும்பி வரும்போது சிவப்புத் துணியில் எதையோ சுற்றி வந்தார். அவிழ்த்தால் நாலு அலகுகள். ஒவ்வொன்றும் வெற்றிலை அகலம். நடுவில் நரம்பு, ஓரத்தில் வளைவு, அப்படியே அரசிலை. கொட்டிலில் இருக்கும் தெய்வத்தின் அம்பை அளவெடுத்து, கொல்லனிடம் லொறி வில்லுத்தகட்டில் அடித்து வாங்கி, அதைத் திரும்பக் கொட்டிலில் வைத்துப் பூசையும் செய்து கொண்டு வந்திருக்கிறார். சந்தனம் இன்னும் காயவில்லை.

நான் என்னுடைய சின்ன அலகைக் காட்டினேன். அவர் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"இது என்ன, பண்டிக்குப் பல்லுக் குத்தவா?"

"அத்தான், பெரிய அலகு காத்துப் பிடிக்கும். முன்னுக்கு ஒரு செட்டை கட்டின மாதிரி. அம்பை அது தான் நினைச்ச பக்கம் இழுத்துக்கொண்டு போகும்."

"எங்கட ஆக்கள் இதாலதான் யானைய அடிச்சவங்க."

"இதால இல்ல. இது கும்பிட வைச்ச அம்பு. தூரத்தில நிக்கிற சனத்துக்கும் தெரியோணும் எண்டு அகலமா அடிச்சது. எய்யிறதுக்கு அடிச்சது வேறயா இருந்திருக்கும்."

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. அவர் முகம் இறுகியது. கும்பிடுகிற அம்பையும் எய்கிற அம்பையும் ஒன்றென்று எடுத்துக்கொண்டது அவர் மட்டும் செய்த பிழை அல்ல. எய்த கைகளெல்லாம் போய், கொட்டிலில் இருந்தது மட்டும் மிஞ்சினால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

"கொஞ்சம் ஓரத்தை அரத்தால ராவித் தாறன்" என்றேன்.

"அரமா?" அவர் துணியை மூடினார். "பூசைக்கு வைச்ச இரும்பில அரம் படப்படாது. அது எங்கட முறை. வேணுமெண்டா மிச்சத்தச் சரிப்படுத்து. இதத் தொடாத."

ஆக, பிழையான அலகு அப்படியே இருக்க, அதற்கேற்றபடி அம்பையும் வில்லையும் மாற்ற வேண்டும். சட்டைக்கு ஏற்ற மாதிரி ஆளைத் தைப்பது போன்ற வேலை.

தோகாவில் பொறுக்கிய கல்வி

எனக்கு இது எப்படித் தெரியும் என்று சிலர் கேட்கக்கூடும். நான் படித்தது ஏழாம் வகுப்பு வரைக்கும். அதுவும் பள்ளிக்கூடம் பாதி நாள் முகாமாக இருந்த ஏழாம் வகுப்பு.

கட்டாரின் தோகாவில் சில மாதங்கள் ஒரு விளையாட்டு மைதானத்தில் துப்புரவு வேலை. அங்கே அம்பு எய்யப் பழகும் ஒரு பகுதி இருந்தது. எய்து முடிந்ததும் இலக்கில் குத்தி நிற்கும் அம்புகளைப் பிடுங்கித் துடைத்து அடுக்க வேண்டும். வெயில் கொளுத்தும் நேரத்தில் நிழலுக்காகவே அந்த வேலையைக் கேட்டு வாங்கினேன். அங்கே எய்கிறவர்கள் சில நாள் வெறும் கடதாசியைச் சட்டத்தில் ஒட்டி, கிட்ட நின்று அதை எய்வார்கள். முதலில் பைத்தியம் என்று நினைத்தேன். பிறகு விளங்கியது. அம்பு போகும் வேகத்தில் அது ஆடுவதைக் கண்ணால் பார்க்க முடியாது. கடதாசி அதைப் பிடித்து வைத்துக் காட்டிவிடும். சின்ன ஓட்டையும் அதைச் சுற்றி மூன்று கீறலும் இருந்தால் அம்பு நேராகப் போயிருக்கிறது. நீளக் கிழிந்திருந்தால் வால் ஆடியிருக்கிறது. மேலே கிழிந்தால் வால் மேலே. பக்கத்தில் கிழிந்தால் தண்டு வில்லுக்குப் பொருந்தவில்லை.

அரைகுறையாகப் பொறுக்கிக்கொண்டது இவ்வளவுதான். மிச்சத்தை வயலில் கற்றேன்.

முதலில் நாலு அலகையும் தண்டில் செருகி, நுனியைச் சிரட்டை ஒன்றின் முதுகில் நிறுத்தி, பம்பரம் போலச் சுழற்றிப் பார்த்தேன். இரண்டு அம்புகள் தலையை ஆட்டின. தண்டைத் திருப்பிக் கட்டியும் ஆட்டம் போகவில்லை. அவற்றை ஒதுக்கிவிட்டேன். ஆடாமல் சுழன்ற இரண்டை வைத்துக்கொண்டேன்.

பிறகு இறகு. முன்னால் பெரிய அலகு இருந்தால் பின்னால் அதை அடக்கப் பெரிய இறகு வேண்டும். வயலில் மயிலுக்குக் குறைவில்லை. விழுந்து கிடந்த சிறகுகளைத் தேடிப் பொறுக்கினோம். கண்வைத்த தோகை இதற்கு உதவாது, செட்டையின் தடித்த சிறகுதான் உதவும். சிறகின் நடுத்தண்டைப் பிளந்து, ஓர் உள்ளங்கை நீளத்துக்கு மூன்று துண்டு, கொஞ்சம் சாய்த்து ஒட்டி, நூலால் சுற்றினேன். சாய்த்தால் அம்பு சுழன்று போகும். சுழன்றால் அலகு ஒரு பக்கமாக இழுக்க நேரம் கிடைக்காது.

கடைசியாக நாண். அம்பின் வால் நாணில் எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்பதற்கு, சிவப்பு நூலால் ஒரு சுற்றுச் சுற்றி அடையாளம் வைத்தேன். அந்தச் சுற்று ஒரு நெல் அளவு மேலே போனாலும் அம்பு வாலைத் தூக்கும். கீழே போனால் வில்லைப் பிடித்த கையில் இடித்து எகிறும்.

கடதாசிக்குப் பஞ்சமில்லை. அக்கா சாமான் சுற்றி வந்த தாள்களையெல்லாம் சேர்த்து வைப்பவள். உங்கள் கையில் இருக்கும் இந்த வார இதழின் பழைய பக்கங்களும் அப்படிப் பல துளைபட்டன. ஆசிரியர் மன்னிக்க வேண்டும்.

ஒரு சுத்தமான ஓட்டை

எத்தனை காலை எய்தோம் என்று சொல்லத் தெரியாது. ஒரு காலை அது நடந்தது. பனி இன்னும் கதிர்களில் நின்றது. அத்தான் இழுத்து விட்டார். 'படக்' என்ற சத்தமே சின்னதாக இருந்தது.

போய்ப் பார்த்தால், அலகு போன கீறல் ஒன்று. அதைச் சுற்றி இறகு போன மூன்று கீறல். அதற்கு மேல் கிழிசல் இல்லை. தாளில் ஒரு பூ வெட்டி வைத்தது போல இருந்தது.

அத்தான் அந்தத் தாளை அவிழ்த்து மடித்து மடியில் செருகிக்கொண்டார். என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். அவர் தட்டினால் வலிக்கும்.

நான் செய்ய எடுத்த எதுவும் அதற்கு முன் நேராக வந்ததில்லை. கடதாசி ஆலையில் கூலி, ஓட்டமாவடியில் தேத்தண்ணிக் கடை, வாழைச்சேனையில் ஆழ்கடல் படகு, கட்டார் என்று போன இடமெல்லாம் பாதியில் விட்டவன். அந்த ஓட்டை நேராக வந்திருந்தது.

"இண்டைக்குப் பின்னேரமும் இப்பிடிப் போனா, இருட்டக்குள்ள போய் மறைவில இருப்பம்" என்றார் அத்தான். பன்றி வருவது பொழுது சாயும் நேரம். அதனால் பின்னேரம் எய்து பார்த்துச் சரியாக இருந்தால்தான் வேட்டை என்பது அவருடைய முடிவு.

பின்னேரம் எய்தோம். தாள் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்தது.

வேடிக்கை பார்க்க வந்த சனம்

அடுத்த நாள் காலை சிவப்பு நூலைப் பார்த்தேன். கொஞ்சம் மேலே நகர்ந்திருந்தது. இறக்கிக் கட்டினேன். ஓட்டை சுத்தம். பின்னேரம் மறுபடியும் கிழிசல். அதற்கடுத்த நாளும் அப்படியே.

நைலோன் வெயிலில் இளகுகிறது என்று நினைத்தேன். வில்லை நிழலில் வைத்தேன். ஈரச் சாக்குச் சுற்றினேன். நூலை இன்னும் இறுக்கினேன். "நீங்க ரெண்டு பேரும் போய் ஒள்ளுப்பம் சரிஞ்சு படுங்க, வில்ல நான் பாத்துக்கொள்றன்" என்று அக்காவும் பொறுப்பெடுத்தாள். மத்தியானம் முழுக்க வில் அவளுடைய காவலில்தான் இருந்தது. பின்னேரமானால் அம்பு கோணல். முதல் எய்தல் கிழிந்தால் அன்றைக்கு அவ்வளவுதான், மறுபடி எய்ய அத்தான் விடமாட்டார்.

"உன்ட வாய்தான் காரணம்" என்றார் அத்தான். "தெய்வத்தின்ட அம்பு எய்யிறதுக்கு இல்ல எண்டு சொன்னாயே. அது கேட்டுக்கொண்டுதான் இருக்கு."

இதற்குள் செய்தி வட்டை முழுக்கப் பரவியிருந்தது. முதலில் வந்தவர் பக்கத்துக் காணிக்காரர், ஏறாவூர் மீராலெவ்வைக் காக்கா. வரம்பில் குந்தியிருந்து, பீடி பற்றவைத்து, ஒரு பின்னேரம் முழுக்கப் பார்த்தார்.

"தம்பி" என்றார் என்னிடம், "நான் நினைக்கிறன், நீங்க பண்டிய அந்தக் கிழிசலுக்கால பூரச் சொன்னா லேசு."

"நாளைக்குப் பாருங்க காக்கா."

"நாளைக்கும் வாறன். எனக்கு வேற வேலை என்ன? வாப்பாட காலத்தில கூத்துப் பாத்தது. அதுக்குப் பிறகு இதுதான்."

அவர் தனியாக வரவில்லை. அடுத்த நாள் தன் வேலையாட்களோடு வந்தார். பிறகு மற்றக் காணிக்காரர்கள் வந்தார்கள். ஆளுக்கொரு வாடியில் தனித்தனியாகக் காவல் இருந்து, பாதியில் உறங்கிப் போகிறவர்கள் அவர்கள். இப்போது பின்னேரமானால் எல்லோரும் எங்கள் வாடிக்கு முன்னால். அம்பு கோணலாகப் போனதும் ஏன் போனது என்று வாதம். வாதம் முடியாது. அங்கேயே சோறாக்கினார்கள். மரவள்ளி சுட்டார்கள். அங்கேயே சாக்கு விரித்துப் படுத்தார்கள். அவர்களுடைய நாய்களும் வந்து படுத்தன. நெருப்பு விடியும்வரை புகைந்தது.

"காத்தாடி மாதிரி ஒரு வாலைக் கட்டிப் பாருங்க" என்பார் ஒருவர்.

"அலகைக் கழட்டிப்போட்டு எய்யுங்க, பண்டி சிரிச்சே சாகும்" என்பார் இன்னொருவர்.

அத்தானுக்குக் கோபம் வரவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம். அவர் அந்த நாட்களில் ஒரு புது மனிதராக இருந்தார். கூட்டத்துக்கு நடுவில் வில்லை ஊன்றி நின்று, அலகு என்றால் என்ன, இறகு என்றால் என்ன என்று விளக்குவார். நான் அவருக்குச் சொன்னதைத்தான் சொல்வார். இடையில் இரண்டொரு யானையும் சேர்த்துக்கொள்வார்.

மத்தியானம்

கதிர்கள் தலை சாயத் தொடங்கியிருந்த ஒரு மத்தியானம், வாய்க்கால் மதகடியில் நிழலுக்குப் படுத்திருந்த நான் நெருப்புப் பெட்டி எடுக்க வாடிக்குத் திரும்பினேன். அத்தான் பாயில் உறங்கிக்கொண்டிருந்தார். அக்கா வாசலில் வில்லை மடியில் வைத்திருந்தாள். பல்லில் ஒரு நூல் நுனி. விரல்கள் நாணில் ஓடின.

எங்கள் அப்பா வாவியில் வலை போட்டவர். வலை பொத்துவதை அவரிடம் பழகியவள் அக்காதான். ஒரு முடிச்சை அவிழ்த்து, அதே முடிச்சை வேறு இடத்தில், யாரும் கண்டுபிடிக்காத மாதிரிப் போட அவளால் முடியும்.

சிவப்பு நூல் ஒரு நெல் அளவு மேலே ஏறியது.

"என்னக்கா இது?"

அவள் திடுக்கிடவில்லை. பல்லில் இருந்த நூலை எடுத்தாள். "மெல்லக் கதை. அந்தாள் உறங்குது."

"அப்ப இவ்வளவு நாளும் நீயா?"

"உன்ட அம்பு நேராப் போனா என்ன நடக்கும், சொல்லு."

"பண்டி சாகும்."

"ஒரு பண்டி சாகும். அண்டைக்குக் கறியும் சோறும். மறுகா இந்தச் சனமெல்லாம் தங்கட தங்கட வாடிக்குப் போயிடும். மத்தப் பண்டியள் வரும். உன்ட அத்தான் கம்பியத் தூக்குவார். சரிவரும் சரிவரும் எண்டு வில்லோட நிக்கிற வரைக்கும் அது மூலையில கிடக்கும்." வயலின் பக்கம் தாடையைக் காட்டினாள். "இந்தச் சனம் வரத் தொடங்கினதுக்குப் பிறகு ஒரு பண்டி இறங்கியிருக்கா? பாத்த நீயா?"

பார்க்கவில்லை. யாரும் பார்க்கவில்லை. வயலின் ஆற்றுப் பக்கம் போய் நின்று பார்த்தேன். பன்றிக் குளம்பு பதிந்த அடையாளமே புதிதாக இல்லை. பயிர் ஒன்றுகூட மிதிபடவில்லை. நான் அம்பு கோணல் போவதை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் வயலைப் பார்த்திருக்கிறாள்.

திரும்பி வந்து அவளுக்குப் பக்கத்தில் குந்தினேன்.

"எண்டாலும் அக்கா, எல்லாரும் என்னைப் பாத்துச் சிரிக்கிறாங்க. ஒரு வேலையாவது எனக்கு நேரா வந்த வேலை எண்டு இருக்கட்டன். என்ட மானம் போகுது."

"காலையில நேராத்தானே போகுது? நீயும் கண்ட, நானும் கண்ட. இன்னும் ஆருக்குக் காட்டோணும்?"

அவள் நாணைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"அந்த மனிசன்ட கையில மாட்டுக் கயிறு இருந்தது எண்டு சொன்னேனே" என்றாள் பிறகு. "மத்த நுனியில மாடு நிண்டது. அவிழ்த்துவிட ஒருத்தருக்கும் கிட்டப் போகப் பயம். அது அப்பிடியே நிண்டு புல்லுத் திண்டுகொண்டிருந்தது."

வில்லை என் மடியில் வைத்துவிட்டு எழும்பி அரிசி அரிக்கப் போனாள்.

நூலை இறக்கிக் கட்ட எனக்கு ஒரு நிமிடம் போதும். உள்ளே அத்தான் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அவருடைய மடியில் அந்தப் பூப்போல வெட்டுப்பட்ட தாள் இருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். வில்லை வழக்கமான இடத்தில் சாய்த்துவிட்டு மதகடிக்குப் போனேன்.

பின்னேரம்

அன்றைக்குக் கூட்டம் அதிகம். காக்கா தன் மருமகனையும் கூட்டி வந்திருந்தார். அத்தான் வேட்டியை மடித்துக் கட்டி, தெய்வத்தை நினைத்து, இழுத்து விட்டார்.

தாள் நடுவில் இருந்து மேல் விளிம்பு வரை கிழிந்து இரண்டு பக்கமும் தொங்கியது.

"அல்லாவே!" என்றார் காக்கா. "இது அம்பு போன வழியா, பஸ் போன வழியா?"

வரம்பு முழுக்கச் சிரிப்பு. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். விளக்கம் சொல்ல வேண்டியவன் நான்தானே.

"விண்ணாங்கு பனியைக் குடிச்சிட்டு" என்றேன். "தண்டு இளகிட்டு. அதான்."

"நேத்து நாண் இளகினது எண்டாய். முந்தநாள் இறகு நனைஞ்சது எண்டாய். நாளைக்கு என்ன இளகும் தம்பி?"

"என்ட மூளை, காக்கா."

மறுபடி சிரிப்பு. அத்தான் வந்து பக்கத்தில் நின்றார். கூட்டத்துக்குக் கேட்காமல் குனிந்து சொன்னார்.

"கவலப்படாத மச்சான். அவங்களுக்கு என்ன தெரியும்? நாளைக்குப் பாப்பம். காலையில வருகுது எண்டா ஒருநாளைக்குப் பின்னேரமும் வரும். நான் வேற யோசனையில இல்ல."

கம்பியை அவர் மறந்து பல நாளாகிவிட்டது என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

வெட்டு முடிந்த பிறகு

மெசின் வந்து வெட்டி முடிக்கும்வரை கூட்டம் கலையவில்லை. எங்கள் வட்டையில் அந்தப் போகம் பன்றி தின்ற கதிர் என்று ஒன்றும் இல்லை. ஒரு பன்றியும் சாகவில்லை. அதைவிட முக்கியமானதை நான் சொல்லத் தேவையில்லை. வரம்பில் நடந்தவர்கள் எல்லோரும் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

நெல் மூட்டைகள் வீட்டுக்குப் போன அடுத்த நாள், நெல்லறுத்த ஒட்டுக்கட்டை நிறைந்த வயலில் நாங்கள் மூன்று பேரும்தான். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அக்கா மத்தியானம் வில்லைத் தொடவில்லை. அத்தான் கடைசியாக ஒருமுறை என்று எய்தார்.

சின்னச் சத்தம். சின்ன ஓட்டை. அதைச் சுற்றி மூன்று கீறல்.

"பாத்தியா!" அவர் குதித்தார். ஐம்பது வயது தாண்டியவர், ஒட்டுக்கட்டைக்கு மேல் வெறுங்காலோடு குதித்தார். "தெய்வம் இரங்கிட்டு! ஒரு கிழமைக்கு முன்னுக்கு இரங்கியிருந்தா ஒரு பண்டியாவது விழுந்திருக்கும்!"

"ஓம், ஓம்" என்றாள் அக்கா. "அதுக்கும் வயல்வேலை முடியோணும் போல."

அந்தக் கிழமையே நான் மறுபடி கிளம்பிவிட்டேன். எங்கே என்பது வேறு கதை. இப்போது வாழைச்சேனைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில், படகு இயந்திரம் திருத்துகிற ஒரு கொட்டிலில் இருந்து இதை எழுதுகிறேன். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு மாரிக்கும் அத்தான் வில்லை எடுக்கிறார். சனமும் வருகிறது. பின்னேரமானால் அம்பு கோணலாகத்தான் போகிறதாம்.

இதை எழுதலாமா என்று கேட்க நேற்று அக்காவுக்குப் போன் எடுத்தேன். அத்தானுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. இந்தத் தொடரை ஒவ்வொரு வாரமும் அவருக்கு வாசித்துக் காட்டுவது அவள்தான்.

"எழுது" என்றாள். "எல்லாத்தையும் எழுது."

"அத்தானுக்கு எப்பிடி வாசிப்பாய்?"

அங்கே பின்னால் அத்தான் யாருக்கோ இறகு ஒட்டுவதைப் பற்றி விளக்கிக்கொண்டிருப்பது கேட்டது.

"அந்தக் காலை ஓட்டை விழுந்தது வரைக்கும் வாசிப்பன்" என்றாள். "மிச்சம் முழுக்க நகைக்கடை விளம்பரம் எண்டு சொல்லுவன்."